வீட்டுக்கு வேண்டிய விஞ்ஞானம்: புரதம் கூறும் சாட்சி

சென்ற இதழில் சர்க்கரை வியாதியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, நம் சங்கத்து அங்கத்தினர் ஒருவரின் மனைவியான சகோதரி எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருந்தார். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆதலின் அதை விடுத்து விஷயத்தை மட்டும் கூறுகிறேன். அவருடைய கணவருக்கு வயது ஐம்பத்தெட்டு. நெடுநாட்களாகச் சிகரெட் பிடிக்கும் வழக்கம் உள்ளவர். சில வாரங்களுக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவருக்குச் சிறுநீர் சிவந்து இறங்கியதாம். வலி இல்லை, எரிச்சல் இல்லை, காய்ச்சலும் இல்லை. மறுநாள் தெளிந்துவிட்டது. முதல் நாள் உண்ட பீட்ரூட் கிழங்கின் வேலை என்று அவர் சிரித்து ஒதுக்கிவிட்டார். சகோதரியின் வற்புறுத்தலுக்காகக் கடைத்தெருவிலுள்ள ஒரு பரிசோதனை நிலையத்தில், புற்றுநோய்க்குரிய புரதம் சிறுநீரில் உண்டா என்று பார்த்திருக்கிறார்கள். ‘இல்லை’ என்று அறிக்கை வந்துவிட்டது. “புரதம் இல்லையென்று எழுதியே கொடுத்துவிட்டார்கள், இனி எதற்கு டாக்டர் என்கிறார் இவர். போகத்தான் வேண்டுமா?” என்பது சகோதரியின் கேள்வி.

போகத்தான் வேண்டும் என்று அன்றைய தபாலிலேயே பதில் எழுதிவிட்டேன். ஏன் போக வேண்டும் என்பது தபாலட்டையில் அடங்கக்கூடிய விஷயம் அன்று. நம்மில் பலருக்கும் பயன்படக்கூடும் என்பதால் இம்மாதப் பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

நான் டாக்டர் அல்லன் என்பதை வாசகர்கள் அறிவார்கள். பார்சல் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன்; படிப்பும் மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்டது. ஆனால் இந்தப் புரதப் பரிசோதனை என்பது பாதிக்கு மேல் கணக்கு விஷயமாகவே இருக்கிறது. கணக்குப் பார்ப்பதற்கு நமக்கு உரிமை உண்டல்லவா?

முதலில் நோயைப் பற்றிச் சில வார்த்தைகள். சிறுநீர்ப்பை என்பது உள்ளே மெல்லிய படலமும், அதைச் சுற்றித் தசையும் அமைந்த ஒரு பை. புற்று பெரும்பாலும் அந்த உட்படலத்தில்தான் முளைக்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும்போது ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்கு அது தசைக்குள் இறங்காமலே இருக்கிறது. அந்த நிலையில் வயிற்றைக் கிழிக்காமல், சிறுநீர் வரும் வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். தசைக்குள் இறங்கிவிட்டால் பையையே எடுத்துவிட நேர்வதுண்டு. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் சுமார் 6,14,000 பேருக்கு இந்நோய் புதிதாகக் காணப்பட்டது. சுமார் 2,20,000 பேர் இறந்தனர். பெண்களைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஆண்களுக்கு வருகிறது.

இந்நோயின் முதல் அறிகுறி பெரும்பாலும் சிறுநீரில் இரத்தம். அந்த இரத்தம் வலியின்றி வரும். மருந்தின்றித் தானே நிற்கும். பிறகு சில வாரங்களோ மாதங்களோ தலைகாட்டாமல் இருக்கும். வலியோடு வந்திருந்தால் மனிதன் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பான். பீட்ரூட்டும் சிறுநீரைச் சிவக்க வைக்கும், காசநோய்க்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் நிறம் ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் சிவந்தது பீட்ரூட்டா இரத்தமா என்பதைச் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையே கூறிவிடும். அதைச் சமையலறையில் தீர்மானிக்க வேண்டியதில்லை. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள், அந்த மாத்திரையின் மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருப்பதும் சரியன்று. மாத்திரை உண்பவருக்கும் புற்று வரும்.

இதற்குக் காரணம் என்ன என்பதை முதலில் மோப்பம் பிடித்தவர் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து அறுவை வைத்தியரான லுத்விக் ரேன். சாயத் தொழிற்சாலையில் ஃபுக்சின் என்னும் செஞ்சாயம் தயாரித்த தொழிலாளர்களிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகள் தோன்றியதை அவர் 1895-ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். (மறு ஆண்டே, கத்திக்குத்துப்பட்ட ஒரு மனிதனின் இதயத்தில் தையல் போட்டு உயிரைக் காப்பாற்றியவரும் இவரே.) பிற்காலத்தில் பென்சிடின் முதலிய ரசாயனங்கள் குற்றவாளிகளாக நிரூபிக்கப்பட்டன. நம் நாட்டிலும் பென்சிடினைக் கொண்ட சாயங்களைக் கையாளுவது 1990-களில் தடை செய்யப்பட்டது. சாயத் தொழிலில் இல்லாத நமக்கு என்ன என்று கேட்கலாம். அந்த இனத்தைச் சேர்ந்த ரசாயனங்கள் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, பையில் மணிக்கணக்காகத் தங்குகின்றன. இந்நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காரணம் புகைதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். புகை நெஞ்சோடு நின்றுவிடுகிறது என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நோயைக் கண்டுபிடிக்கும் வழிகளில் மூத்தது உள்ளே எட்டிப் பார்ப்பது. மாக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானியர் 1877-இல் விளக்கு பொருத்திய ஒரு குழலை இதற்கென்று செய்து காட்டினார். சிஸ்டாஸ்கோப் என்று இன்று வழங்குவது அதன் வம்சமே. இக்காலத்தில் வளையும் குழல்களும் உண்டு. இரண்டாவது வழி, சிறுநீரில் உதிர்ந்து வரும் உயிரணுக்களைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது. இதைப் பாப்பனிகோலாவும் மார்ஷலும் 1945-இல் வெளியிட்டனர். கொடிய வகைக் கட்டிகளை இம்முறை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். சாதுவான வகைக் கட்டிகளின் உயிரணுக்கள் நல்லவற்றைப் போலவே தோற்றமளிப்பதால் பெரும்பாலும் தவறவிட்டுவிடும்.

குழலைச் செலுத்திப் பார்ப்பது யாருக்கும் பிரியமான காரியம் அன்று. அதுவும் ஒரு முறையோடு தீர்வதில்லை. இந்நோய்க்குத் திரும்பத் திரும்ப முளைக்கும் குணம் உண்டு. ஆதலால் கட்டியை எடுத்த மூன்றாவது மாதம் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ஆண்டுக்கணக்காக, குறித்த தவணையில் பார்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். சங்கடம், கூச்சம், செலவு, லீவு எல்லாம் சேர்ந்த காரியம். சிறுநீரைக் குப்பியில் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதிலுள்ள ஏதேனும் ஒரு பொருளைக் கொண்டே உண்டு, இல்லை என்று தீர்ப்புப் பெறக்கூடுமானால் அதைவிடப் பாக்கியம் உண்டா? விஞ்ஞானிகள் புரதத்தைத் தேடிப் புறப்பட்டது இந்த ஆசையினால்தான்.

சிறுநீரிலுள்ள புரதம் புற்றைக் காட்டிக்கொடுக்கும் என்பது புது எண்ணமன்று. 1845-ஆம் ஆண்டில் லண்டனில் எலும்பு நோயால் வருந்திய ஒரு மளிகை வியாபாரியின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற வைத்தியரிடம் அனுப்பப்பட்டது. அதைச் சூடாக்கினால் கட்டி கட்டியாகத் திரிந்தது. மேலும் கொதிக்க வைத்தால் திரிந்தது கரைந்துவிட்டது. ஆறவிட்டால் மறுபடி திரிந்தது. அந்த விசித்திரப் புரதம் எலும்பு மஜ்ஜைப் புற்றின் அடையாளம் என்பது பிற்பாடு தெளிவாயிற்று. இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

இனி, ‘புரத வெளிப்பாடு’ என்று டாக்டர்கள் சொல்வது யாது என்பதைப் பார்ப்போம். ரயில்வேயில் பொது விதிகள் என்று ஒரு புத்தகம் உண்டு. டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், கேட்மேன் எல்லோருக்கும் அது ஒன்றுதான். ஆனால் கேட்மேன் கேட்டைப் பற்றிய விதிகளின்படி வேலை செய்கிறார். கார்டு தமக்குரிய பக்கங்களின்படி வேலை செய்கிறார். நம் உடம்பிலுள்ள உயிரணுக்களும் அப்படியே. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே மரபணுப் புத்தகம் இருக்கிறது. கண்ணிலுள்ள அணு ஒரு பக்கத்தைத் திறந்து அதிலுள்ளபடி ஒரு புரதத்தைச் செய்கிறது. ஈரலிலுள்ள அணு வேறொரு பக்கத்தைத் திறக்கிறது. எந்த அணுவில் எந்தப் புரதம் எவ்வளவு செய்யப்படுகிறது என்பதே வெளிப்பாடு. புற்றாக மாறிய அணு, திறக்கக் கூடாத பக்கத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறது. அல்லது திறந்திருக்க வேண்டிய பக்கத்தைக் கிழித்துவிடுகிறது. அந்த மாறுதலைப் புரதத்தின் அளவைக் கொண்டு கண்டுபிடிக்கலாம் என்பதே மார்க்கர், அதாவது அடையாளக் குறி, என்பதன் தத்துவம்.

சிறுநீர்ப்பைப் புற்றுக்கு இவ்வாறு முன்மொழியப்பட்ட புரதங்கள் ஏராளம். அவற்றில் நெடுங்காலம் பழக்கத்தில் உள்ளது என்.எம்.பி. 22 என்பது. உயிரணுவின் கருவுக்குள் சட்டம் போல் அமைந்த புரதங்களுள் ஒன்று. அணு இரண்டாகப் பிரியும்போது மரபுப் பொருளைச் சரிபாதியாகப் பங்கிட உதவுகிறது. புற்றணுக்களில் இது மிகுந்திருக்கும். அவை மடியும்போது சிறுநீரில் கலக்கும். அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து நிர்வாகம் 1996-இல் இப்பரிசோதனையை, ஏற்கெனவே நோய் வந்தவர்களைக் கண்காணிப்பதற்கு உதவியாக, அனுமதித்தது. பின்னர், ஒரு சிறு தட்டில் நான்கு சொட்டுச் சிறுநீரை விட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கோடு தோன்றுகிறதா இல்லையா என்று பார்க்கும்படியான கருவியும் வந்துவிட்டது.

இந்தக் கருவியை அமெரிக்காவில் 23 மருத்துவ நிலையங்களில் சோதித்து, 2005-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். நான் கணக்கு என்று சொன்னது இதைத்தான். சிறுநீரில் இரத்தம், புகைப் பழக்கம் முதலிய காரணங்களால் சந்தேகத்துக்குரியவர்கள் 1,331 பேர் எடுத்துக்கொள்ளப்பட்டனர். எல்லோருக்கும் புரதமும் பார்த்தார்கள். குழலையும் செலுத்திப் பார்த்தார்கள். முடிவில் 79 பேருக்குப் புற்று இருப்பது தெரிந்தது. அந்த 79 பேரில் புரதப் பரிசோதனை ‘உண்டு’ என்று கூறியது 44 பேருக்கு. மீதி 35 பேருக்குப் புற்று இருந்தும் ‘இல்லை’ என்றே கூறிற்று!

அந்த 35 பேரும் தங்கள் ஊரில் ஒரு கடைத்தெருப் பரிசோதனை நிலையத்துக்கு மட்டும் போய் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அறிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பார்கள். நம் சகோதரியின் வீட்டில் இப்போது நடப்பது அதுவே.

மறுபக்கத்தையும் பார்த்துவிடுவோம். புற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 85.7 பேருக்கு இப்பரிசோதனை சரியாக ‘இல்லை’ என்றது. கேட்பதற்கு நல்ல மார்க்காகத்தான் தோன்றும். ஆனால் புற்றில்லாதவர்களின் தொகை சுமார் 1,250. அதில் நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்று மேல் என்றால் ஏறக்குறைய 180 பேர். ஒரு தவறும் செய்யாத இந்த 180 பேருக்கும் ‘உண்டு’ என்று சொல்லியாயிற்று. கல், சீழ், அழற்சி, அண்மையில் குழல் செலுத்தியது ஆகிய எதனாலும் அப்புரதம் கூடக்கூடும். ஆக, ‘உண்டு’ என்று கேட்டவர்கள் மொத்தம் ஏறத்தாழ 220 பேர். அவர்களில் உண்மையில் புற்று உள்ளவர்கள் 44. ஐவரில் ஒருவர். மற்ற நால்வரும் வீணே தூக்கமிழந்தவர்கள்.

உயிரணுக்களைப் பார்க்கும் பழைய முறையோடு ஒப்பிட்டார்கள். அதில் பரிசோதிக்கப்பட்ட 76 புற்றாளிகளில் 12 பேரை மட்டுமே அது பிடித்தது. ஆனால் புற்றில்லாதவர்களில் நூற்றுக்கு 99-க்கு மேற்பட்டவர்களை அது தொந்தரவு செய்யவில்லை. பழைய முறை வாய் திறப்பது அபூர்வம். திறந்தால் பெரும்பாலும் மெய். புதிய முறை அடிக்கடி வாய் திறக்கிறது. ஐந்தில் நான்கு முறை வீண் பேச்சு. இரண்டில் எது மேல் என்று கேட்டால், எதுவும் குழலுக்குப் பதிலாகாது என்பதே பதில். குழலும் தவறுவதுண்டு என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே ஆராய்ச்சியில், முதல் தடவை குழலில் பார்த்தபோது கண்ணுக்குப் படாத 4 புற்றுக்களைப் புரதம் காட்டிக்கொடுத்தது. அவற்றில் 3 தசைக்குள் இறங்கியவை. அந்த நால்வருக்கு இந்த நான்கு சொட்டுப் பரிசோதனை எவ்வளவு பெரிய உபகாரம்! குழலோடு சேர்ந்து சாட்சி கூறும்போது மார்க்கருக்கு மதிப்பு உண்டு. தனியே நின்று தீர்ப்புக் கூறும் தகுதி அதற்கு இல்லை.

இந்த 1,331 பேரும் முன்பே சந்தேகத்துக்குரியவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு தொல்லையும் இல்லாத சாதாரண மக்களிடம் இதையே செய்தால் கணக்கு இன்னும் விபரீதமாகும். பேச்சுக்காக, 10,000 பேரில் 10 பேருக்குப் புற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்தப் பத்தில் ஐந்தாறு பேரைப் பிடிக்கும். ஆனால் மீதி 9,990 பேரில் நூற்றுக்குப் பதினான்கு வீதம் சுமார் 1,400 பேருக்கு வீண் அபாயச் சங்கு ஊதிவிடும். ஆறு பேரைத் தேடுவதற்காக 1,400 வீடுகளில் அழுகை. உடம்பு முழுவதையும் மொத்தமாகப் பரிசோதிக்கிறோம், புற்றுநோய் மார்க்கர்களும் அதில் அடக்கம், தீபாவளித் தள்ளுபடியும் உண்டு என்று வரும் விளம்பரங்களை நம் குடும்பங்களில் பலர் ஆவலோடு படிக்கிறார்கள். அந்தப் பட்டியல்களில் இருப்பவற்றுள் பெரும்பாலானவை இரத்தத்தில் பார்ப்பவை, வேறு உறுப்புகளைச் சார்ந்தவை. சிறுநீர்ப்பைக்கு அவற்றால் பயன் இல்லை. அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல டாக்டரை இரண்டு முறை பார்த்து வரலாம் என்பது என் அபிப்பிராயம்.

இதுவரை கூறியது சிறுநீரில் தேடும் புரதம். அறுத்தெடுத்த கட்டியிலேயே புரதத்தைத் தேடுவது மற்றொரு வகை. கட்டியின் துண்டை மெழுகில் பதித்து, தலைமயிரின் பருமனைவிடப் பன்மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் இட்டு, பற்றிய இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்படி செய்கிறார்கள். மற்ற அணுக்கருக்கள் நீலமாக இருக்கும். பழுப்பு எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எண்ணுவதே வேலை. நோய் உண்டா இல்லையா என்பது இங்கே கேள்வியன்று. வந்த நோய் சாதுவா, முரடா, எந்த மருந்துக்கு இணங்கும் என்பதே கேள்வி.

இவ்வகையில் பி 53 என்ற புரதத்தின் கதை மிகவும் படிப்பினை வாய்ந்தது. 1979-இல் கண்டுபிடிக்கப்பட்ட இப்புரதம் உடம்பின் காவலர்களில் ஒன்று. மரபுப் பொருளில் பழுது நேர்ந்தால், அது சீராகும்வரை அணுவைப் பிரியவிடாமல் தடுக்கும். சீராகாதென்றால் அணுவையே மடியச் செய்யும். நல்ல நிலையில் இது வேலை முடிந்ததும் உடனே சிதைந்துவிடுகிறது. ஆகவே சாயமிட்டால் பெரும்பாலும் தெரிவதில்லை. இதன் மரபணுவே கெட்டுவிட்டால், உதவாத பி 53 சிதையாமல் அணுக்கருவில் குவிந்துகிடக்கும். பழுப்பு நிறம் மிகுந்தால் காவலர் கெட்டுவிட்டார் என்று பொருள்.

1994-ஆம் ஆண்டில், சிறுநீர்ப்பை அகற்றப்பட்ட 243 பேரின் கட்டிகளை ஆராய்ந்த கலிபோர்னியா டாக்டர்கள், பி 53 குவிந்திருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது என்று வெளியிட்டார்கள். மருத்துவ உலகத்தில் பெரும் நம்பிக்கை பிறந்தது. பழுப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கடுமையான மருந்துகளைக் கொடுக்கலாம், மற்றவர்களை அந்த வேதனையிலிருந்து விடுவித்துவிடலாம் என்று எண்ணினார்கள். நியாயமான எண்ணந்தான். ஆனால் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கவேண்டும் என்றும் தீர்மானித்தார்களே, அதைத்தான் நான் பாராட்டுகிறேன். 521 பேர் பதிவு செய்துகொண்டனர். 499 பேருக்குப் பி 53 பார்க்கப்பட்டது. 272 பேருக்கு அது இருந்தது. அவர்களில் 114 பேரை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்து கொடுத்தார்கள்; மற்றதைக் கண்காணித்தார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்றவர்களுக்கு நன்மை தெரியவில்லை. அதைவிட முக்கியமாக, பி 53 குவிந்திருந்தால் நோய் அதிகம் திரும்பும் என்ற பழைய முடிவே இந்த ஆராய்ச்சியில் உறுதிப்படவில்லை.

பதினேழு ஆண்டுகளின் நம்பிக்கை! இவ்வாறு ஏன் நேருகிறது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஓர் ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் எதிர்ப்பொருள் வேறு, மற்றொன்றில் வேறு. நூற்றுக்குப் பத்து அணுக்கள் பழுத்தால் ‘உண்டு’ என்பார் ஒருவர். இருபது என்பார் இன்னொருவர். சில வகைப் பழுதுகளில் பி 53 குவிவதற்குப் பதிலாக அடியோடு இல்லாமலே போய்விடும். அப்போது பழுப்பே தோன்றாது, ஆனால் காவலரும் இல்லை. அன்றியும் சிறு தொகையினரிடம் கண்ட வேற்றுமை பெருந்தொகையினரிடம் மறைந்துவிடுவது எந்தக் கணக்கிலும் சகஜம்.

ஆகவே பத்திரிகைகளில், இன்ன புரதம் சிறுநீர்ப்பைப் புற்றுக்கு அடையாளமாக இருக்கக்கூடும் என்று படிக்கும்போது, அந்த ‘கூடும்’ என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு படிக்குமாறு வேண்டுகிறேன். சர்வைவின் என்றும், சைட்டோகெராட்டின் என்றும், இன்னும் எத்தனையோ பெயர்களோடும் அவ்வாறு புரதங்கள் முன்மொழியப்பட்டிருக்கின்றன. ‘கூடும்’ என்பதற்கும் ‘ஆம்’ என்பதற்கும் நடுவே ஆண்டுக்கணக்கான உழைப்பு இருக்கிறது. அந்த வழியில் பெரும்பாலானவை நின்றுவிடுகின்றன.

நிற்காமல் வந்து சேர்ந்ததும் உண்டு. நெக்டின் 4 என்னும் புரதம் இப்புற்றணுக்களில் பெரும்பாலானவற்றின் மேற்புறத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது. அதையே பிடியாகக் கொண்டு, அதில் ஒட்டிக்கொண்டு அணுவுக்குள் நஞ்சைக் கொண்டுசெலுத்தும் ஒரு மருந்து 2019-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. முற்றிய நிலையில் உள்ளவர்களுக்கே அது முதலில் கொடுக்கப்பட்டது. விலை நம் போன்றோர் நினைத்துப் பார்க்கக்கூடியதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆரம்ப நிலையினருக்கோ, காசத்துக்குத் தடுப்பாகக் குழந்தைகளுக்குப் போடும் பி.சி.ஜி.யைப் பைக்குள் செலுத்தும் முறை 1976-இல் வெளியிடப்பட்டு இன்றும் கையாளப்படுகிறது. அது வேறொரு மாதத்துக்குரிய கதை.

வெளியூரில் வாழும் நமக்கென்று இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, பாஷை. நம் பெண்மணிகள் பலர் இங்கே டாக்டரிடம் போனால், தெரிந்த நாலு ஹிந்தி வார்த்தைகளில் ‘எரிச்சல்’ என்பதை மட்டும் சொல்லிவிட்டு, இரத்தத்தைச் சொல்லக் கூசி வந்துவிடுகிறார்கள். டாக்டரும் சீழ்க் கிருமி என்று மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அடுத்த மாதமும் அதுவே நடக்கிறது. பெண்களுக்கு இந்நோய் ஆண்களைவிடக் காலம் கடந்து தெரியவருவதற்கு, இரத்தத்தைக் கிருமியின் கணக்கில் எழுதிவிடுவது ஒரு முக்கிய காரணம் என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட உண்மை. ஹிந்தியில் ‘பேஷாப் மேம் கூன்’ என்றால் போதும். மராத்தியில் ‘லக்வீத் ரக்த’; வங்காளத்தில் ‘ப்ரஸ்ராபே ரொக்தோ’. வாய் கூசினால் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி இல்லையென்று வந்தும் இரத்தம் நிற்கவில்லையென்றால், உள்ளே பார்க்க வேண்டாமா என்று நாமே கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மற்றது, மாற்றல். கட்டியை எடுத்துக்கொண்ட ஒருவருக்கு மூன்றாம் மாதத் தவணை வருமுன்பே வேறு ஊருக்கு உத்தரவு வந்துவிடுகிறது. புது ஊரில் வீடு, பள்ளிக்கூடம், காஸ் இணைப்பு என்று அலைந்து முடிப்பதற்குள் தவணை கடந்துபோகிறது. உடம்பிலோ ஒரு தொல்லையும் தெரிவதில்லை. மாற்றல் உத்தரவு வந்த அன்றே டாக்டரிடம் போய், அடுத்து எந்தத் தேதியில் பார்க்க வேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக் குறிப்பும், திசுப் பரிசோதனை அறிக்கையும் பெட்டியில் முதலில் ஏற வேண்டியவை. மேலே கூறிய மெழுகுக் கட்டியும் கண்ணாடிச் சில்லுகளும் ஆஸ்பத்திரியிலேயே பத்திரப்படுத்தப்பட்டிருக்கும். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு புரதத்தைப் பார்க்க நேர்ந்தால், அந்தப் பழைய மெழுகிலிருந்தே ஒரு சீவல் எடுத்துப் பார்க்கலாம். விண்ணப்பம் எழுதிக் கேட்டு, கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளலாம். பெயரும் எண்ணும் கட்டியிலும் அறிக்கையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளவும். மெழுகாதலால் கோடையில் நிறுத்தி வைத்த காருக்குள்ளோ, ரயில் பெட்டியில் வெயில் படும் ஜன்னலோரத்திலோ வைக்க வேண்டாம். துணிகளுக்கு நடுவே வைத்துக் கையோடு கொண்டு போகவும். பார்சலில் போட வேண்டாம் என்று பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவே சொல்வது விநோதமாகத் தோன்றலாம்; ஆயினும் சொல்கிறேன்.

அடுத்த இதழில், காதில் இரைச்சல் கேட்பதைப் பற்றி நேயர்கள் இருவர் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு விடை எழுத உத்தேசம்.